ஊரை விட்டுப் போகாமலே போனவன்: 'பிரேக்கிங் அவே' – ஒரு மறுவாசிப்பு

ஊரை விட்டுக் கிளம்புகிற விளையாட்டு வீரனின் கதை என்றால் நமக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம். ரயிலடி, கையசைப்பு, கூட்டாளிகள் பின்னால் சிறுத்துக்கொண்டே போவது, வீரன் முன்னால் பெரிதாகிக்கொண்டே வருவது. பீட்டர் யேட்ஸ் இயக்கி 1979இல் வந்த 'பிரேக்கிங் அவே' இந்தச் சூத்திரத்துக்குள் அடங்காதது. தலைப்பு பிய்த்துக்கொண்டு போவதைச் சொல்கிறது. ஆனால் டேவ் எங்கும் போவதில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ப்ளூமிங்டன் நகரில் பிறந்தவன், அதே நகரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறான், அவ்வளவுதான். சைக்கிளில் போய்வரும் தூரம். இந்தச் சின்னத் தூரம் ஏன் துரோகம் போல அவனை உறுத்துகிறது என்பதே படத்தின் கேள்வி. படம் அதற்குச் சொல்கிற பதிலில் எனக்குச் சம்மதமில்லை.

நான்கு பசங்க. டேவ், மைக், சிரில், மூச்சர். பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. மைக்கை வேலையை விட்டுத் தூக்கியதும் மற்ற மூவரும் வேலையை உதறிவிட்டு அவனோடு வந்துவிட்டவர்கள். இதைச் சாதாரண சிநேகமாக வாசித்துவிடக் கூடாது. கூலியும் எதிர்காலமும் இல்லாத இடத்தில் 'நாலு பேரும் சேர்ந்தே சும்மா இருப்போம்' என்பது ஒரு ஒப்பந்தம். ஒருவன் மட்டும் கல்லூரிக்குப் போனால் மற்ற மூவரின் சும்மா இருத்தல் அந்தக் கணமே தோல்வி என்று பெயர் மாறிவிடும். மைக் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான். பள்ளியில் கால்பந்து அணியின் நாயகனாக இருந்தவன் அவன். இப்போது வேலிக்கு வெளியே நின்று பல்கலைக்கழகப் பயிற்சியைப் பார்க்கிறான். அவனுடைய முரட்டுத்தனம் எல்லாம் இந்த ஒரு இடத்தில் அர்த்தமாகிவிடுகிறது.

மாணவர்கள் உள்ளூர்ப் பசங்களைக் கூப்பிடும் பேர் 'கட்டர்'. கல் வெட்டுகிறவன். இந்தியானாவின் சுண்ணாம்புக்கல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் வரைக்கும் போயிருக்கிறது. இந்த நால்வரில் யாரும் ஒரு கல்லையும் வெட்டியவர்கள் இல்லை. குவாரிகள் கைவிடப்பட்டுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன, அதில் குதித்து நீந்துவதுதான் இவர்களுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு. அல்தூஸர் 'விளித்தல்' என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. உழைப்பு போய்விட்டது, உழைப்பின் பெயரிலான வசவு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அந்த வசவையே இவர்கள் சட்டையில் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

படத்தின் மையம் பந்தயம் என்பார்கள். எனக்கு மையம் அப்பாவும் மகனும் இரவில் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிற காட்சிதான். இப்போது பழைய கார் விற்கிற அப்பா, இளமையில் அந்தக் கட்டடங்களுக்குக் கல் வெட்டியவர். வேலை நடந்தவரை பெருமையாக இருந்தது, கட்டி முடித்ததும் இவை நமக்கு உரியவை இல்லை என்று தோன்றிவிட்டது, யாரும் சொல்லவில்லை, தானாகவே தோன்றியது என்கிறார். கல்லூரி எனக்கு வேண்டாம், நானும் கட்டர்தான் என்று மகன் வீராப்பாகச் சொல்லும்போது அப்பா அந்தப் பேரை அவனுக்குத் தர மறுக்கிறார். வெட்டியது தான்தானே, அவன் இல்லையே. பால் டூலி இதைக் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு வகுப்பின் தன்மானத்தை அதன் வாரிசு கடன் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது என்று அப்பாவே சொல்லிவிட்ட பிறகு, 'கூட்டாளிகளுக்கு விசுவாசம்' என்ற சொல்லுக்கு டேவிடம் என்ன மிச்சம்?

மிச்சம் இருப்பது கடன். சைக்கிள் பைத்தியமான டேவ் தன்னை இத்தாலியனாக வரித்துக்கொண்டவன். வீட்டில் இத்தாலியப் பாட்டு, பேச்சில் இத்தாலிய உச்சரிப்பு. இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு மாணவியிடம் பேச வேண்டியபோது அவன் வெளிநாட்டு மாணவனாக வேஷம் கட்டுகிறான். உள்ளூர்க்காரனாக அவளிடம் பேச முடியாது, அந்நியனாக முடியும். ஒரே ஊருக்குள் இருக்கிற வர்க்க எல்லையைத் தாண்ட நாட்டு எல்லையைத் தாண்டியவனாக நடிக்க வேண்டியிருக்கிறது. திரைக்கதை எழுதிய ஸ்டீவ் டெஸிச் 14 வயதில் யுகோஸ்லாவியாவிலிருந்து அமெரிக்கா வந்தவர். வேற்று மொழி ஒருவனுக்கு என்ன கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். சரி, இந்த வேஷத்துக்கு விலை கொடுத்தது யார்? அவள் ஜன்னலுக்குக் கீழே டேவ் பாட, கிதார் வாசித்தவன் சிரில். அவளுடைய காதலனும் கூட்டமும் ஆள் மாறி அடித்துப் போட்டது சிரிலை. அதற்குப் பழிவாங்கப் போன கைகலப்பிலிருந்துதான் பல்கலைக்கழகத்தின் 'லிட்டில் 500' பந்தயத்தில் உள்ளூர் அணிக்கும் ஒரு இடம் கிடைக்கிறது. ஆக, பந்தயம் டேவ் பட்ட கடனிலிருந்து முளைத்தது.

இந்தப் பந்தயத்தின் விதி சுவாரஸ்யமானது. அணிக்கு நான்கு பேர், கியர் இல்லாத சைக்கிள், கைமாற்றிக் கைமாற்றி 200 சுற்று, மொத்தம் 50 மைல். கூட்டு உழைப்புக்கென்றே வகுத்த விதி மாதிரி இருக்கிறது. படம் அதை எப்படிப் பயன்படுத்துகிறது? முழுப் பந்தயத்தையும் டேவ் தனியாக ஓட்டுவது என்பது திட்டம். அவன் அடிபட்டு இறங்கியதும் மற்ற மூவரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள், அணி பின்தங்குகிறது. பிறகு அவன் காலை மிதிகட்டையோடு டேப்பால் கட்டச் சொல்லி மறுபடி ஏறி ஜெயிக்கிறான். கூட்டாளிகள் காலத்தை இழக்கிறார்கள், மேதை மீட்டுத் தருகிறான். அரங்கமே ஆர்ப்பரிக்கிற இடத்தில் எனக்கு ஒரு நெருடல் வந்தது இதனால்தான். (முதல் தடவை பார்த்தபோது நானும் கைதட்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.) சில்லிட்டோவின் நெடுந்தூர ஓட்டக்காரன் கோட்டுக்கு முன்னால் நின்று, தோற்று, தன் ஆட்களோடு இருக்கிறான். டேவ் ஜெயித்துக் கோப்பையைக் கொடுத்து, தன் ஆட்களிடமிருந்து விடுபடுகிறான். அது மீட்புத்தொகை.

நிஜத்தில் நடந்தது இன்னும் கசப்பு. டெஸிச் 1962இல் இதே பந்தயத்தில் ஜெயித்த அணியில் இருந்தவர். அந்த அணியில் 200 சுற்றில் 139ஐ ஓட்டிய டேவ் பிளேஸ்தான் கதாநாயகனுக்கு மாதிரி. அது உள்ளூர்க்காரர்களின் அணி இல்லை; மாணவர் சங்கம் ஒன்றின் அணி. படம் செய்தது ஒரு கைமாற்றல்: மாணவர்களின் வெற்றியை எடுத்துக் கல்வெட்டிகளின் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. தாராளம்தான். அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. 1984இல் 'கட்டர்ஸ்' என்ற பேரில் நிஜமாகவே ஓர் அணி உருவாகி அந்த வருஷமே ஜெயித்தது. அதில் ஓட்டியவர்களும் பல்கலைக்கழக மாணவர்கள்தான். கொடுத்த பேரும் திரும்பி வளாகத்துக்குள்ளேயே போய்விட்டது.

போகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. டேவின் அம்மா ஒரு பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள். எங்கும் போனதில்லை. கடையில் காசோலை எழுதும்போது அடையாளம் கேட்க மாட்டார்களா என்று அதைக் கைப்பையிலேயே சுமக்கிறாள். பார்பரா பாரி இதை மகனுக்குக் காட்டுகிற அந்த ஒரு நிமிஷம், விசுவாசம் பேசுகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. தங்கிவிட்டவர்கள் அத்தனை பேரும் தங்க விரும்பித் தங்கியவர்கள் இல்லை. ஆகவே டேவ் போகத்தான் வேண்டும். என் வழக்கு அவன்மீது இல்லை, அவன் போன பிறகு காமிரா பார்க்க மறுத்த இடத்தின்மீது.

கடைசிக் காட்சியில் அப்பாவின் கடைக்கு 'கட்டர் கார்ஸ்' என்று புதுப் பலகை. வசவு இப்போது வியாபாரப் பேர். டேவ் மாணவனாகிவிட்டான். ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு சைக்கிளில் வருகிறான், எதிரே வரும் அப்பாவுக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறான். வேஷம் மறுபடி ஆரம்பம். இந்த முறை அடிவாங்கப் பக்கத்தில் சிரில் இல்லை. மைக்கும் இல்லை, மூச்சரும் இல்லை. மூச்சரின் அப்பா வேலை தேடி சிகாகோ போய்விட்டார், வீடு விலைக்கு இருந்தது. அது விற்றுப்போயிற்றா, அவன் இப்போது எங்கே படுக்கிறான்?