பூட்டைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் திறந்தவர் யாரென்று பூட்டு சொல்லாது. உங்கள் கைபேசியோ காட்டிக் கொடுத்துவிடும்! சாம்சங்கின் பல கைபேசிகளில் ‘நாக்ஸ்’ பாதுகாப்பு ஏற்பாட்டில் நுண்ணிய மின் உருகி ஒன்று உண்டு. நிறுவனம் ஒப்பாத இயக்க மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மீளாது.

இந்தத் தடயத்தை வைத்து உத்தரவாதத்தையே மறுப்பது சரியா? புது மென்பொருள் செயலியை வரம்புமீறி ஓட்டிச் சூடேற்றிக் கெடுத்திருந்தால், மறுப்பு நியாயமே. ஆனால் மின்னேற்றும் துளை தளர்ந்ததற்கும் மென்பொருளுக்கும் என்ன தொடர்பு? உருகி எரிந்தது மாற்றத்துக்குச் சான்று. பழுதின் காரணத்துக்குச் சான்றன்று. இரண்டையும் குழப்புவது அறிவியல் முறையாகாது.

ஆகவே, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை.