ஸ்பைஸ்: திரை அருமை, கதவு சாத்தியே இருக்கட்டும்

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் நண்பருக்கு, பழைய விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை விட மனசில்லை. அவருடைய லினக்ஸ் கணினிக்குள் அந்த விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஏற்றினோம். ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் கணக்கர் வீட்டிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும். திரையை அங்கே கொண்டுபோகும் வேலைக்கு ஸ்பைஸ்.

கும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் உருவாக்கியது இது. 2008-ல் ரெட் ஹாட் அந்நிறுவனத்தை வாங்கி, 2009-ல் மூலநிரலைத் திறந்துவிட்டது. புழங்க சுகமாகத்தான் இருக்கிறது. ஒலி வருகிறது. இங்கே காப்பி செய்த தமிழ் வரி அங்கே ஒட்டுகிறது. ஜன்னலை இழுத்தால் உள்ளிருக்கும் விண்டோஸும் கூடவே விரிகிறது. ஸ்பைஸின் ஏஜெண்ட் மென்பொருளை விண்டோஸுக்குள் நிறுவ மறந்தால் மட்டும் இந்த சுகத்தில் பாதி போய்விடும்.

சிக்கல் வேறு இடத்தில். மெய்நிகர் கணினிக்குள் வைரஸ் புகுந்தாலும் அங்கேயே கிடக்கும் என்று நம்புகிறோம். ஆனால் ஸ்பைஸ் சர்வர் ஓடுவது அதற்கு வெளியே, தாய்க் கணினியில். தொடக்கத்தில் அதை எழுதியது சி மொழியில். நினைவகத்தின் எல்லையை அந்த மொழி காவல் காக்காது.

சி.வி.இ-2019-3813 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். நினைவகப் பகுதிகளின் பட்டியலில் இல்லாத எண்ணைத் தடுக்கும் இடத்தில் ‘பெரிது’ என்று மட்டும் சோதித்திருந்தார்கள். ‘பெரிது அல்லது சமம்’ என்றிருக்க வேண்டும். அக்ரஹாரத்தில் எட்டு வீடு, எண்கள் பூஜ்யம் முதல் ஏழு வரை என்று வையுங்கள். ஒருவன் எட்டாம் எண் வீட்டைக் கேட்கிறான். எட்டு, எட்டைவிடப் பெரிதில்லையே என்று விட்டுவிட்டால் அவன் நுழைவது யார் வீட்டிலோ. 0.5.2 முதல் 0.14.1 வரை எல்லாப் பதிப்புகளிலும் இது இருந்தது. திருத்தம் சமக்குறி சேர்ப்பதுதான்!

2016-ல் வெளியான இன்னொரு ஓட்டை ஸ்மார்ட்கார்டு பகுதியில். அம்பாசமுத்திரத்தில் ஸ்மார்ட்கார்டு செருகி யார் கணக்குப் பார்க்கிறார்கள்? எனக்கு அதிகம் உறுத்தியது 2020-ல் வந்த சி.வி.இ-2020-14355. படத்தைச் சுருக்கி விரிக்கும் நிரலில் இருந்ததால் சர்வர், பார்ப்பவரின் மென்பொருள் இரண்டையும் அது தொட்டது. கணக்கரின் லேப்டாப்பும் சேர்த்திதான்.

அதனால் ஸ்பைஸை 127.0.0.1-ல், அதாவது தாய்க் கணினிக்குள் மட்டும், கேட்க வைத்து, எஸ்.எஸ்.எச். சுரங்கம் வழியாகவே கணக்கரை உள்ளே விட்டோம். ரவுட்டரில் ஸ்பைஸின் 5900 போர்ட்டைத் திறக்கவில்லை. ஸ்மார்ட்கார்டு, யு.எஸ்.பி. வசதிகளைக் கழற்றிவிட்டு, இரு கரையிலும் புதுப் பதிப்பு ஏற்றினோம். பென்டிரைவ் ஏன் தெரியவில்லை என்று கணக்கர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விண்டோஸின் சொந்தத் தொலைத்திரை வசதியான ஆர்.டி.பி. போதாதா என்றால், பழைய விண்டோஸின் ஆர்.டி.பி.யில் 2019-ல் வெளியான புளூகீப் ஓட்டையும் ஒரு நினைவகக் கோளாறுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்பைஸைச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம். ரெட் ஹாட்டே 2022-ல் வந்த தன் ஆர்.எச்.இ.எல். 9-லிருந்து அதை எடுத்துவிட்டது. ஒலி வேண்டாதவர்களுக்கு திரையைக் கொண்டுபோகும் இன்னொரு வழியான வி.என்.சி.யே எஸ்.எஸ்.எச். வழியே போதும்.