காரில் குழந்தைக்கு எந்த இருக்கை?

திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் கண்டிருக்கிறீர்களா? கண்டிருந்தால், தேரை நிறுத்துவது எத்தனை பெரிய வேலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடத்தை இழுப்பதை நிறுத்தினால் மட்டும் தேர் நின்றுவிடாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். கட்டை பட்டதும் தேர் ஒரு குலுக்கலுடன் நிற்கிறது. மேலே இருப்பவர்கள் எதையாவது பற்றிக்கொள்ளாவிட்டால் முன்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் தேர் வருவது ஆள் நடக்கும் வேகத்தில்தான்!

இப்போது அதே ஊரிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலைக்கு வாருங்கள். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். இந்தச் சாலையில் எந்த முகூர்த்த நாளிலும் ஒரு காட்சியைக் காணலாம். காரின் முன் இருக்கையில் தாய். அவர் மடியில் கைக்குழந்தை. பின்னால் நான்கு வயதுச் சிறுவன் எழுந்து நின்று, முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி வேடிக்கை பார்க்கிறான். ஓட்டுபவர் மட்டும் சீட் பெல்ட் என்னும் இருக்கைப் பட்டையை அணிந்திருக்கிறார், அதுவும் அபராதத்திற்கு அஞ்சி.

இப்படிப்பட்ட ஒரு காரில் நானும் ஒருமுறை திருமணத்திற்குச் சென்றேன். வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். கார் எதன்மீதும் மோதவில்லை, ஆடும் பிழைத்தது. ஆனால், தாயின் மடியிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் நெற்றி முன்பலகையில் இடித்துப் புடைத்துவிட்டது. “கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்” என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. கெட்டியாகத்தான் பிடித்திருந்தார். கெட்டியான பிடி ஏன் போதவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மடி ஏன் போதாது?

ஓடும் காரில் இருக்கும் எல்லாப் பொருள்களும் காரின் வேகத்திலேயே ஓடுகின்றன. கார் திடீரென்று நின்றாலும் உள்ளே இருப்பவை அதே வேகத்தில் தொடர்ந்து செல்ல முயல்கின்றன. நியூட்டனின் முதல் விதியில் நீங்கள் படித்த நிலைமம் இதுதான். அவற்றை நிறுத்த ஒரு விசை தேவை.

அந்த விசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். அது எதிலோ மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். குழந்தையின் எடை 10 கிலோ. அதையும் அதே நேரத்தில் நிறுத்துவதற்கு ஏறத்தாழ 1,670 நியூட்டன் விசை வேண்டும். இது 170 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு வந்திறங்கும் ஒரு பஞ்சுப் பொதியின் எடையும் 170 கிலோதான். ஒரு பொதியை இரு கைகளால் ஏந்திப் பிடிக்க எந்தத் தாயால் முடியும்? அன்பில் குறை ஏதுமில்லை. தசையின் வலிமைக்கு ஓர் எல்லை இருக்கிறது.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரருகே குழந்தையை விட அஞ்சும் நாம், காரில் அஞ்சுவதில்லை.

குழந்தை என்பது சிறிய பெரியவர் அன்று

அப்படியானால் பெரியவர்களுக்கான பட்டையையே குழந்தைக்கும் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நம்மில் பலரும் தவறு செய்கிறோம். பெரியவர் உடலைச் சுருக்கினால் குழந்தை உடல் கிடைத்துவிடாது.

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். இத்தனை பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுமையாக எலும்பாகவில்லை. அவற்றின் பகுதிகள் குருத்தெலும்பால் இணைந்திருக்கின்றன. அவை ஒன்றாக இறுகுவது பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான். முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் மார்பைப் பட்டை பிடித்து நிறுத்தினாலும், தலை முன்னே பாயும். கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது. குழந்தை பின்னோக்கி அமர்ந்திருந்தால், தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்புறம் ஒருசேரத் தாங்குகிறது.

சுவீடன் நாட்டு மருத்துவரான பெர்டில் ஆல்ட்மன் இதை உணர்ந்து, 1964இல் பின்னோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கினார். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்த முறையே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. அந்நாட்டில் இன்றும் நான்கு வயது வரையில் குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்துவது வழக்கம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு வேறொரு தொல்லை. பெரியவர்களின் இடுப்பெலும்பில் இடுப்புப் பட்டை தங்கி நிற்கும். பிள்ளையின் இடுப்பெலும்பு அவ்வாறு வளராததால், பட்டை மேலே நழுவி வயிற்றில் ஏறிவிடும்; தோள்பட்டை கழுத்தை அறுக்கும். மோதலில் அந்தப் பட்டையே குடலுக்கும் ஈரலுக்கும் பகையாகும்.

சட்டத்தில் உள்ள குறை

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆ பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைப் பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று கூறுகிறது. குழந்தைகளைச் சட்டம் நினைத்துப் பார்த்தது பாராட்டத்தக்கதே. எனினும், இதில் இரண்டு குறைகள் உள்ளன.

முதலாவது, அந்த ‘ஓ’ என்ற ஓரெழுத்து. பட்டையோ, குழந்தை இருக்கையோ, இரண்டில் எது இருந்தாலும் போதும் என்பது அதன் பொருள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பட்டையைச் சுற்றிவிட்டாலும் சட்டத்தின் இந்தப் பிரிவு நிறைவேறிவிடும். குழந்தைக்கோ பாதுகாப்புக் கிட்டாது.

இரண்டாவது, இப்பிரிவு வயதை மட்டுமே அளக்கிறது, உயரத்தைக் குறிப்பிடவில்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். பட்டை உடலோடு பொருந்துவது உயரத்தைப் பொறுத்தது. பிறந்த தேதியைப் பார்த்தால் அது தெரியாது.

சட்டத்தில் ஓட்டை இருப்பது புதிதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்சின் முயற்சியால் 1978இல் குழந்தை இருக்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. ஆனால், கைக்குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதிவிலக்கும் அதில் நுழைந்துவிட்டது. குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று சாண்டர்ஸ் அதைச் சாடினார். 1981இல் அது நீக்கப்பட்டது. குறையை எடுத்துச் சொன்னால் சட்டம் திருந்தும் என்பதற்கு இது சான்று. நம் சட்டத்தின் ‘ஓ’வும் அவ்வாறே திருத்தப்பட வேண்டும்.

நட்சத்திரம் யாருக்கு?

2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் பாரத் என்கேப் என்ற சோதனை முறை நடந்து வருகிறது. காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடையில் மோதவிட்டு, உள்ளே உள்ள பொம்மைகள் என்னவாயின என்று அளந்து நட்சத்திரங்கள் வழங்குகிறார்கள். பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் மதிப்பெண் உண்டு. இது நல்ல முன்னேற்றம்.

ஆனால் விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்து மயங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டே அமர்கின்றன. அந்த இருக்கை இல்லாமல் நீங்கள் காரை வாங்கி வந்தால், குழந்தைக்கான நட்சத்திரங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்! பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கி, உறைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தயங்காமல் செலவு செய்யும் நாம், குழந்தை இருக்கையை மட்டும் ஆடம்பரம் என்கிறோம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்குச் செல்லும் முன் குழந்தையின் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். “இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்று கொடுங்கள்” என்று கேட்காதீர்கள்.

முதற்படி, பின்னோக்கிய இருக்கை. ஐரோப்பாவின் புதிய விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை இது வேண்டும். இருக்கையில் குறித்துள்ள எடை, உயர எல்லையை எட்டும்வரை பின்னோக்கியே வைத்திருப்பது இன்னும் நல்லது. காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் இதை ஒருபோதும் வைக்கலாகாது. கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும் காற்றுப்பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அறையும்.

இரண்டாம் படி, முன்னோக்கிய இருக்கை. இது பொதுவாக 18 கிலோ வரை உதவும். தோள்கள், இடுப்பு, கால்களின் நடு ஆகிய ஐந்து முனைகளில் பட்டை பிடிக்கும். பின்னோக்கிய இருக்கையில் தோள்பட்டை குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குக் கீழோ தொடங்க வேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி, பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை. பிள்ளையை உயர்த்தி அமர்த்தி, காரின் பட்டையைத் தோளின் நடுவிலும் தொடையின் மேலும் சரியாகப் படியச் செய்வதே இதன் வேலை. ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை இது தேவை. பலருக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயதாகிவிடும்.

வாங்கிய பின் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பொருத்திய இருக்கையை, பட்டை செல்லும் இடத்தில் பிடித்து அசையுங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோளருகே பட்டையை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கிடைத்தால் பட்டை தளர்ந்திருக்கிறது. விபத்தில் சிக்கிய பழைய இருக்கையை எவர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உலோகக் கொக்கி சுடும். தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

“குழந்தை அழுமே” என்பது பலர் சொல்லும் காரணம். முதல் நாளிலிருந்தே இருக்கையில் பயணம் செய்யும் குழந்தைக்கு அது பழகிவிடும். மடியில் பழக்கிவிட்டுப் பிறகு மாற்றும்போதுதான் அழுகை பெரிதாகிறது.

கார் இல்லாத வீடுகள்

இந்த இரண்டு ஊர்களிலும் பெரும்பாலான குழந்தைகள் ஏறிச் செல்வது மோட்டார் சைக்கிளில்தான். அவர்களை விட்டுவிட்டுக் கார் இருக்கை பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. 2022இல் வெளியான விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநருடன் பட்டையால் இணைக்க வேண்டும், ஒன்பது மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. உறங்கிச் சரியும் குழந்தையை இப்பட்டை காக்கும். ஆனால் ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டால் குழந்தையும் அவரோடு போகும். ஆகவே இங்கு உண்மையான காவல் தலைக்கவசமும் குறைந்த வேகமுமே. குழந்தையின் தலைக்குப் பொருந்தும் கவசம் வாங்குங்கள். அண்ணனின் கவசம் தம்பிக்கு ஆடும்.

முட்டுக்கட்டை போடுபவர் தேரின் எடையை அறிந்தே கட்டையைத் தேர்ந்தெடுக்கிறார். நாமும் அப்படியே செய்வோம். இன்று மாலை பிள்ளையைக் கதவோரம் நிறுத்தி உயரத்தைக் கோடு கிழித்துக் குறியுங்கள், எடை பாருங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் அளந்து, இருக்கை இன்னும் பொருந்துகிறதா என்று பாருங்கள். “கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்” என்று வருந்தும் நிலை இன்னொரு தாய்க்கு வர வேண்டாம்.