முகம் எங்கே?

அய்ந்தே நிமிடங்கள்! பழவேற்காட்டுக் கரையிலே ஒரு கூடை நண்டு ஏலம் போவதற்கு அதற்குமேல் ஆவதில்லை. ஏலக்காரரின் கை உயர்கிறது, விலை உயர்கிறது, கூடை கைமாறுகிறது, கூட்டம் கலைகிறது. அதற்குள் அந்தக் கூட்டத்தைத் தாளிலே பிடித்திட வேண்டும். இயலுமா? இயலும் என்கின்றனர் விரைவோவியம் பயில்வோர். பள்ளி விடுமுறையில், ஒரு குறிப்பேடும் பேனாவுமாக நாமும் அங்குச் சென்றோம். கற்றதையும், கற்றுவிட்டதாக எண்ணி ஏமாந்ததையும் கூறிடவே இக்கட்டுரை.

ஓவியம் பொழுதுபோக்குத்தானே, அதில் சீர்திருத்தத்துக்கு இடம் ஏது என்று கேட்போர் உண்டு. யாரை வரைகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதிலே இருக்கிறது இடம்! ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தலைப்பில் கோயில் சிற்பங்களை வரைந்தார் சில்பி. அவருடைய கோட்டின் திறத்தை மறுப்பார் இல்லை. நாமும் மறுக்கவில்லை. ஆனால், சிலையின் விரல் நகத்தையும் விட்டுவிடாது வரையும் பொறுமை பெற்ற நாடு, அந்தக் கோயில் வாயிலில் பூக்கட்டியவளின் விரலை வரைந்திட எத்தனை நாழிகை செலவிட்டது? கல்லை வரைந்த கை, கல்லுடைப்போனை வரையக் கூசிற்று!

எளியோர் ஓவியத்தில் இடம்பெறவே இல்லை என்பதும் அல்ல. கும்பினி ஆட்சிக் காலத்தில் தஞ்சையிலும் திருச்சியிலும் அய்ரோப்பியருக்காக ஓவியர்கள் படத் தொகுப்புகள் வரைந்தனர். அவற்றிலே வண்ணான் உண்டு, குயவன் உண்டு, செம்படவன் உண்டு; பக்கத்தில் அவனவன் மனைவியும் உண்டு. கையிலே தொழிற்கருவி, அடியிலே சாதிப் பெயர்! மனிதன் அங்கே மனிதனாக இல்லை. பெட்டியில் குத்திவைத்த வண்ணத்துப்பூச்சிபோல, ஒரு வகைக்கு ஒரு மாதிரியாக நின்றான்.

பழவேற்காட்டுக்கு வரும் ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் எதை நாடுகின்றனர்? பூநாரைகளை, ஏரியின் மாலை வெயிலை, எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட ஒல்லாந்தர் கல்லறை வாயிலை. 1613 இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டை எழுப்பிய ஊர் அது. அதே நூற்றாண்டில் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய துறையும் அதுதான். ஒல்லாந்தரின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. கப்பலேறியவர்களின் பெயர்கள்? எந்தக் கல்லிலும் இல்லை. முதல் நாள் நாமும் அந்தக் கல்லறையைத்தான் வரைந்தோம். கல் அசையாது அல்லவா!

மறுநாள்தான் ஏலத்துக்குச் சென்றோம். அங்கே பாடம் தொடங்கிற்று. முகத்தில் தொடங்கினால் தோற்போம். முதலில் உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று காண வேண்டும், முதுகின் வளைவை ஒரே கோட்டில் போட வேண்டும். நாமும் கூட்டமும் சமதரையில் நின்றால், ஏறத்தாழ ஒரே உயரம் உடையோர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அவர்தம் கண்கள் நம் கண்மட்டத்திலேயே அமையும். தொலைவுக்கு ஏற்பக் குறுகுவது உடல்தான். உழைப்பிலே ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வரும். வலை இழுப்பவர் சாய்கிறார், நிமிர்கிறார், மறுபடி சாய்கிறார். முதற் சாய்வில் தொடங்கிய படத்தை அடுத்த சாய்வில் முடிக்கலாம். இடையிலே வேறொருவரைத் தொடங்கலாம். அழிப்பான் கூடாது, தவறிய கோடும் தாளில் கிடக்கட்டும்.

இது கைப்பழக்கம் மட்டும் அன்று, கருத்துப் பழக்கமும் ஆகும். ‘மீனவன் என்றால் இப்படித்தான் இருப்பான்’ என்று மனத்திலே கிடக்கும் பழைய அச்சை எடுத்து ஒட்ட நேரம் இல்லை. எதிரே இருப்பதைக் கண்டே தீரவேண்டும். கேட்டதை நம்பாதே, கண்டதை ஆராய் என்னும் பகுத்தறிவுப் பாடம் இங்கே பேனா முனையில் நடக்கிறது. 1850 இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் மாணவர்கள் ரயிலடியிலும் சந்தையிலும் அமர்ந்து வரைவது நெடுநாள் வழக்கம். சியாட்டில் நகரில் செய்தித்தாள் ஓவியர் காம்பனாரியோ 2007 இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ இயக்கத்தின் முதல் விதியும் இதுவே: இடத்திலே இருந்து, கண்டதை வரை.

ஆனால் விரைவு மட்டும் போதுமா? 1943 இல் வங்கம் பஞ்சத்தால் மடிந்தபோது, மேதினிப்பூர் ஊர்களில் அலைந்து வரைந்தார் சித்தபிரசாத். பல படங்களில், பசித்துக் கிடந்தவரின் பெயரையும் ஊரையும் குறித்தார். சாதிச் சீட்டு அன்று, பெயர்! அந்த ஏட்டின் படிகளை வெள்ளை அரசு பறித்து அழித்தது. பெயரோடு கூடிய முகம் சாட்சி ஆகும் என்பதை ஆட்சி அறிந்திருந்தது.

இத்தனையும் படித்த நாம் என்ன செய்தோம்? கேளுங்கள், தோழர்களே!

பழவேற்காட்டு ஏரியிலே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன்பிடி இடங்களைப் பங்காளிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அந்தப் பங்கில் இடம் இல்லாத இருளர் குடிப் பெண்கள், ஆழமற்ற நீரிலே குனிந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பர். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பர். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே! அப்படியொரு அம்மையாரைக் கரையிலிருந்து வரைந்தோம். முதுகின் வளைவு ஒரே கோட்டில் வந்துவிட்டது. பெருமிதம் தாங்கவில்லை. அடியிலே எழுதினோம்: “இருளர் பெண், பழவேற்காடு.”

அவர் கரையேறினார். ஏட்டை எட்டிப் பார்த்தார்.

“முதுகு என்னுதுதான். மூஞ்சி எங்கே சார்?”

விடை இல்லை.

“கீழே இன்னா எழுதிகிறே?”

படித்துக் காட்ட நா எழவில்லை. எந்தக் கும்பினிப் படத்தைக் கண்டித்தோமோ, அதே சீட்டை நம் கையே எழுதியிருந்தது!

சென்னைக் கடற்கரையிலே ராய் சௌத்ரி வடித்து 1959 இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை நமக்குப் பெருமை தருவதே. பாறை பெயர்க்கும் நால்வரின் தசையில் உழைப்பின் மாண்பு தெரிகிறது. ஆயினும் நால்வரும் ஆடவர். நம் சுவரொட்டிகளிலும் ஏட்டின் அட்டைகளிலும் வரும் பாட்டாளிக்கு மார்பு உண்டு, முட்டி உண்டு, முகம் உண்டா? உழைப்பைப் போற்றுகிறோம், உழைப்பவரை உற்று நோக்குகிறோமா? பிறர் குறையைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும்.

அந்த அம்மையாரிடம், “வரையலாமா?” என்று அப்போதுதான் கேட்டோம். கேட்க வேண்டும் என்பதே அதுவரை தோன்றவில்லை! இறாலை நிறுக்கும் ஆள் வரும்வரை அமர்ந்தார். படம் நன்றாக அமையவில்லை; மூக்கு கோணிற்று. சிரித்தார். பழைய வரியை அடித்துவிட்டு, அவர் சொன்ன பெயரை எழுதினோம். அச்சில் இட அவரைக் கேட்கவில்லை. ஆகவே இங்கே அதனை இடவில்லை.

இளைஞர்களே! குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள், சந்தைக்கும் துறைமுகத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும். விரைந்து வரையுங்கள். ஆனால் வரைந்தபின் எழுந்து அருகே செல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், பெயரைக் கேளுங்கள். கோணிய மூக்கைப் பழக்கம் திருத்திவிடும். கேளாத பெயரை எந்தப் பழக்கமும் தந்துவிடாது.