களவுக்குக் கெடு வைத்த சட்டம்

பன்னாட்டுச் சட்டத்தின் முன் எல்லா நாடுகளும் சமம் என்கிறார்கள். அந்தச் சட்டமே காலனி ஆதிக்கத்தின் தேவைகளுக்கேற்ப உருவானது என்பது இலங்கை வம்சாவளி அறிஞர் ஆன்டனி ஆங்கி, நம் நாட்டு பி.எஸ்.சிம்னி போன்றோரின் வாதம். இதை உரசிப்பார்க்க நம் கோயில் திருமேனிகளே போதும். கடத்தப்பட்ட பண்பாட்டுச் செல்வங்களுக்கான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, முன்பு நடந்தவற்றுக்குப் பொருந்தாது. பிரிட்டன் அதில் சேர்ந்ததே 2002இல்தான். ஆக, காலனி ஆட்சியில் லண்டன் போன, ஆந்திரத்தின் அமராவதித் தூபிச் சிற்பங்கள் அதன் வரம்புக்குள் வருவதே இல்லை. பின்னர் திருடுபோனவற்றுக்கும் வழி எளிதன்று: பொருள் கோயிலின் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும், ஆதாரம் திரட்டும் செலவு கேட்கும் நாட்டுடையது, அறியாமல் வாங்கியவருக்கு இழப்பீடும் தர வேண்டும். படையெடுப்புக்கு அஞ்சி மண்ணில் புதைத்துக் காத்த செப்புத் திருமேனிக்குப் பதிவேடு ஏது? பறிகொடுத்தவர் மீதே சுமையை ஏற்றும் விதி, வைத்திருப்பவருக்குத்தான் காவல்.

கலை உலகத்தின் பொதுச்சொத்து, பெருநகர அருங்காட்சியகத்தில் இருந்தால் எல்லோரும் பார்க்கலாமே என்பார்கள். அந்த ‘எல்லோரும்’ யார்? திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் தங்கி மலையை வலம் வருகிறார்கள், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆசிரமம் இருக்கும் அதே செங்கம் சாலையில் பூ விற்பவர் லண்டன் போய்ச் சோழர் கால நடராசரைப் பார்க்க, வங்கிக் கணக்கைக் காட்டி விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். பயணச் செலவோ அவருக்கு எட்டும் தொலைவில் இல்லை. பொதுச்சொத்தைக் காணும் வாய்ப்பு பொதுவாக இல்லாதவரை அந்த வாதம் நிற்காது.

ஆயினும், சட்டமே ஆதிக்கத்தின் கருவி என்று ஒதுக்கிவிடுவது தவறு. 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிபாடாகக் கிடந்த பத்தூர் கோயிலையே வழக்காடும் தகுதியுள்ள நபராக ஏற்றது; அக்கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராசர் நாடு திரும்பினார். இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பழக்கமில்லாத நம் சட்ட மரபு அங்கே செல்லுபடியானது. சட்டம் காலனி ஆதிக்கத்தின் படைப்பு என்ற விமர்சனம் வெளியே மட்டும் பார்ப்பதும் ஒரு குறை. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் விடுதலை பெற்ற இந்தியாவில்தான் திருடப்பட்டார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய அவரை 2014இல் மீட்கத் துணைநின்றவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படங்கள். நம் கோயில்களின் பதிவு நம்மிடம் முழுமையாக இல்லாதது யார் குற்றம்? எனவே இரண்டும் வேண்டும். பொருள் நேர்மையாக வந்தது என்று மெய்ப்பிக்கும் கடமையை, அதை வைத்திருப்பவர் மீது சட்டம் சுமத்த வேண்டும். காலனி ஆட்சிக் காலத்துக்கும் அது பொருந்த வேண்டும். ஒவ்வொரு கிராமக் கோயிலின் திருமேனிகளையும் படமெடுத்துப் பதிவுசெய்து பொதுவில் வைக்கும் பொறுப்பு நம்முடையது. அதைச் செய்து முடித்தால்தான் முதல் கோரிக்கையை உலக அரங்கில் உரத்துக் கேட்கும் வலு நமக்கு வரும்.