புறஞ்சேரியும் புறநகரும்: சிலம்பில் ஒரு வியாபாரியின் கேள்வி

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் மேடைப் பேச்சாளர்கள் அதிகம் தொடாதவை எவை என்று கேட்டால், பதின்மூன்றாவதான புறஞ்சேரி இறுத்த காதையையும் அதற்கு அடுத்த ஊர்காண் காதையையும் சொல்வேன். பட்டிமன்றத்துக்குக் கானல்வரி வேண்டும், வழக்குரை காதை வேண்டும். இடையில் உள்ள இவை இரண்டையும் 'நகர வருணனை' என்று சொல்லித் தள்ளிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். கோவலன் கொலைக்கான கணக்கே இந்த இரண்டு காதைகளில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. இதைச் சொல்லும் நான் தமிழ்ப் பேராசிரியன் அல்லன். ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். மும்பையில் பாத்திர வியாபாரம். முப்பது வருஷத்துக்கு மேலாக டோம்பிவிலியில் குடியிருப்பு. 1892-இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிக் கொடுத்த காப்பியத்தை நான் படித்ததெல்லாம் காலை வண்டியில் போகும்போதும் மாலை வண்டியில் வரும்போதும்தான்.

புறஞ்சேரி என்பது என்ன மாதிரியான இடம்? கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் வெயிலுக்கு அஞ்சி நிலா வெளிச்சத்தில் நடந்து, மரப்புணை ஏறி வையையின் தென்கரைக்கு வருகிறார்கள். மதில் தெரிகிறது. மதில்மேல் அசைகிற கொடி, 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல இருந்தது என்கிறார் இளங்கோ. அவர்கள் மதிலுக்கு வெளியே அறவோர் மட்டும் தங்குகிற குடியிருப்பில் இறங்குகிறார்கள். நகரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் நகரத்துக்கு இவர்கள் யார் என்று தெரியாது.

மும்பை வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து இந்த நகரம் தன் புறஞ்சேரிகளைத் தண்டவாளத்தின் ஓரமாகவே வளர்த்து வந்திருக்கிறது. 1896-இல் பிளேக் வந்தது. அதன் பிறகு 1898-இல் ஏற்பட்ட நகர் மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட திட்டத்தில் உருவானவைதான் தாதர், மாட்டுங்கா குடியிருப்புகள். நம்மவர்கள் மாட்டுங்காவில் கால் வைத்தபோது அது ஊருக்கு வெளியே இருந்த இடம். இன்று அதைப் போய் யாராவது புறநகர் என்பார்களா? வாடகை ஏற ஏற நம் ஜனங்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்தார்கள். புறஞ்சேரி என்பது ஒரே இடத்தில் நிற்கிற சமாசாரம் இல்லை.

காப்பியத்திலும் இந்த நகர்வு உண்டு. மாதரியின் வீடு மதிலுக்கு வெளியே இருந்ததாகத்தான் பலரும் பேசுகிறார்கள். அடைக்கலக் காதையின் முடிவைப் பொறுமையாகப் படித்தால், அவள் காவற்காட்டையும் அகழியையும் மதிற்பொறிகளையும் தாண்டி, வாயில் கடந்து தன் வீட்டுக்குப் போகிறாள். ஆக வீடு மதிலுக்கு உள்ளேதான். ஆனால் கடைத்தெரு அங்கிருந்து இன்னும் தூரம். ஆயர் மன்றத்தைத் தாண்டணும், மாதர் வீதியைத் தாண்டணும், அப்புறம்தான் பீடிகைத் தெரு. எங்கள் டோம்பிவிலி மும்பைப் பெருநகர்ப் பகுதிக்குள் வரும், மும்பை மாநகராட்சிக்குள் வராது. அந்த மாதிரிதான் இதுவும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். கோவலன் மதுரைக் கடைவீதிகளுக்கு இரண்டு முறை போகிறான். ஒரு முறை திரும்பி வருகிறான், மறுமுறை வரவில்லை. இந்த முதல் பயணத்தை நாம் ஏன் கவனிப்பதில்லை?

முதல் முறை கிளம்பும்போது அவன் கவுந்தியடிகளிடம் தெளிவாகக் காரணம் சொல்லிவிட்டுத்தான் போகிறான். நகரத்து வணிகர்களிடம் என் நிலைமையைச் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவன் கேட்டுக்கொண்டது. வியாபாரி மகன் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். புது ஊரில் சரக்கை விற்கும் முன் முகத்தைக் காட்டு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மராட்டியில் இதை 'ஓளக்' என்பார்கள். அறிமுகம், பழக்கம் இரண்டுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். ஓளக் இல்லாதவனுக்கு மசூதி பந்தரில் ஒரு கிலோ ஸ்டீல்கூடக் கடனுக்குக் கிடைக்காது.

போனவன் என்ன செய்தான்? ரத்தினக் கடைகளைப் பார்த்தான், பொன் வீதியைப் பார்த்தான், துணி வீதி, தானிய வீதி எல்லாம் பார்த்தான். சந்தோஷப்பட்டான். மதிலுக்கு வெளியே திரும்பி வந்தான். காதை அதோடு முடிகிறது. ஒரு வணிகனைச் சந்தித்ததாகவோ, மாசாத்துவான் மகன் வந்திருக்கிறேன் என்று ஒரு கடைப்படியில் ஏறிச் சொன்னதாகவோ ஒரு வரி கிடையாது. நகர வருணனை என்று நாம் ரசிக்கிற அத்தனை வீதிகளும் அவன் பேசாமல் கடந்துபோன வீதிகள். இளங்கோ நகரத்தைக் காட்டுகிற சாக்கில் இவனுடைய மௌனத்தைக் காட்டுகிறார் என்றே நான் படிக்கிறேன். செல்வம் தொலைத்தவனுக்குப் பழைய பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். கவி அதைச் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் ஊகிக்கப் போவதில்லை.

திரும்பி வந்தவன் மதுரையின் சிறப்பையும் பாண்டியன் ஆட்சியையும் அடிகளிடம் புகழ்கிறான். யாரைப் பார்த்தாய் என்று அடிகள் கேட்டதாகப் பாட்டில் இல்லை. நம் சமயத்தார் கவுந்தியடிகளைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் கொண்டாடுகிறவன்தான். ஆனாலும் இந்த இடத்தில் மனசு நெருடுகிறது. அடிகளும் மாடல மறையோனும் சேர்ந்து, துறவிகளுக்கு உரிய இந்த இடம் உனக்குப் பொருந்தாது, பொழுது சாய்வதற்குள் நகரத்துக்குள் போ, வணிகர்கள் உன்னைப் பற்றிக் கேட்டாலே ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார்கள். மாதரியிடம் ஒப்படைக்கும்போதும் அதே நம்பிக்கைதான்: இவன் தகப்பனார் பெயரைக் கேட்டால் குலத்தார் புதையல் கிடைத்தது போல வரவேற்பார்கள், அதுவரை உன் வீட்டில் இருக்கட்டும். பேச்சு முழுக்க 'கேட்டால்' என்பதில் தொங்குகிறது. போய்ச் சொல்ல ஒருவரும் அனுப்பப்படவில்லை.

கொலைக்களக் காதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவன் ஜோடியில் ஒற்றை நகையைக் கொண்டுவந்து விலை கேட்கிறான். எந்தக் காலத்து நகைக்கடைக்காரரும் முதலில் கேட்கிற கேள்வி, இன்னொன்று எங்கே, உங்களை யாருக்குத் தெரியும் என்பதுதான். பொற்கொல்லனின் சூழ்ச்சி பலித்ததற்கு இந்தக் கேள்விக்கு மதுரையில் பதில் இல்லாததுதான் காரணம். காவலர்களே தயங்கினார்கள் என்பதை மறக்கக்கூடாது. இவனைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று அவர்களில் ஒருவரே சொல்ல, பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் 'இவர் எனக்குத் தெரிந்தவர்' என்று ஒரு குரல் போதும். அந்தக் குரலுக்கு உரியவர்கள் கவுந்தி, மாடலன், மாதரி, ஐயை. எல்லாரும் ஓரத்தில் இருக்கிறார்கள், கடைத்தெருவில் ஒருவரும் இல்லை. கடைசியில் படிப்பில்லாத குடிகாரன் ஒருவன் வாளை ஓங்குகிறான்.

வழக்குரை காதையில் கண்ணகி அரசனிடம் முதலில் சொல்வது என்ன? கோபமாக ஒரு விளி. அதை அடுத்து ஊர்ப் பெருமை, பிறகு மாமனார் பெயர், பிறகு கணவன் பெயர். கோவலன் ஊர்காண் காதையில் கடைப்படிகளில் சொல்லியிருக்க வேண்டிய அதே விலாசத்தை அவள் அரசவையில் சொல்கிறாள். வெட்டுப்பட்ட பிறகு வந்து சேர்ந்த அறிமுகம்.

ஊழ்வினை என்று காப்பியமே சொல்லும்போது நீர் ஏன் ஓளக், கடைத்தெரு என்கிறீர் என்று நண்பர்கள் மடக்குவார்கள். வினையை நம்புகிற குடும்பத்தில் பிறந்தவனிடம் இந்தக் கேள்வி! கட்டுரை காதையில் மதுராபதி தெய்வம் சொல்கிற முற்பிறப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். சங்கமன் என்ற வணிகன் மனைவியோடு கபிலபுரத்திலிருந்து பகையரசனின் சிங்கபுரத்துக்கு வந்து, தன்னை யார் என்று வெளிக்காட்டாமல் அங்காடி வீதியில் பண்டம் விற்கிறான். பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்கிறான். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான். ஊழின் கதையும் கடைத்தெருவில் அடையாளம் தெரியாமல் நின்ற வெளியூர் வியாபாரியின் கதைதான். வினை என்பது இங்கே எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதைத்தான் நான் பேசுகிறேன்.

ஓரத்தில் இருந்தவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதரிக்கு இவர்கள் சாவக நோன்பு நோற்பவர்கள் என்று தெரிகிறது. அதனால் பகல் உணவு சமைக்கப் பாத்திரங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்று சொல்கிறாள். இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் நாங்கள். ஆனால் கடை மூடி டோம்பிவிலி போய்ச் சேர ராத்திரி ஒன்பது ஆகும். அதனால் வீட்டில் காலையிலேயே இரண்டாவது டப்பாவும் கட்டிக் கொடுப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். பக்கத்து வீட்டு மராட்டி அம்மா, எங்கள் வழக்கம் தெரிந்து, விசேஷ நாள்களில் வெங்காயம் பூண்டு சேர்க்காத பண்டத்தை நாலு மணிக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். முப்பது வருஷம் வியாபாரம் செய்த தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நகரத்தின் ஓரம் நம்மை அறிந்துகொள்கிறது, நடு நகரம் சரக்கை மட்டும் பார்க்கிறது.

அறிந்துகொண்டதற்கு ஓரம் கொடுத்த விலையும் பெரிசு. நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது: அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். நகரத்தில் நடந்த தவறுக்கு எரிந்தது நகரம் மட்டும் இல்லை.

2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும், 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில் பாதையில் ஏழு குண்டுகள் வெடித்தபோதும் புறநகர்ப் பெண்கள் வாசலில் நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா அருகே வளைவில், எதிரெதிரே போன இரண்டு வண்டிகளில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கீழே விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். எங்கள் பாதையில் நடந்தது அது. அன்று எங்கள் பெட்டிக் கூட்டாளிகள் செய்த முதல் வேலை ஒருவருக்கொருவர் போன் போட்டு எண்ணிக்கை எடுத்ததுதான். தசராவுக்குப் பெட்டியில் மாலை கட்டிப் பூஜை செய்கிற அதே கூட்டம்தான். சட்டைப் பையில் பெயரும் வீட்டு நம்பரும் எழுதிய சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டாயமே உண்டு. ரயில்வே போலீஸ் ஒட்டி வைக்கிற அடையாளம் தெரியாதவர்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீட்டு ஏன் என்று தெரியும்.

காப்பியத்தின் கடைசிப் பகுதியில் வாழ்த்துக் காதையை மறுபடி புரட்டுங்கள். புகாரிலிருந்து மதுரை வந்து, மாதரியின் மகள் ஐயையையும் கூட்டிக்கொண்டு, கண்ணகியின் தோழி தேவந்தி, செவிலித்தாய், அடித்தோழி மூவரும் வஞ்சிக்குப் போகிறார்கள். செங்குட்டுவன் முன் போய் நின்றதும் அவர்கள் முதலில் செய்வது, நான் இன்னார், நான் இன்னார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்வதுதான்.