போவேயின் செருகு தூண்கள்

கோதிக் கட்டிடக்கலை நூல்களில் பிரான்சின் போவே கதீட்ரல் பெரும்பாலும் ஒரு பேராசைக் கதையாகத்தான் வரும். 1225ல் ஆரம்பித்து, அமியான் கதீட்ரலைவிட உயரமாக, 48 மீட்டரில் பீடப்பகுதிக்குக் கூரை வளைத்தார்கள். 1272ல் முடிந்தது, 1284ல் ஒரு பகுதி சரிந்தது. அகங்காரம் அழிந்தது என்று அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள். சரி, அப்புறம் என்ன ஆச்சு?

உயரத்தை அவர்கள் குறைக்கவே இல்லை. பழைய தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களைச் செருகி, அதே 48 மீட்டருக்கு மறுபடி ஏற்றினார்கள். முதல் வடிவத்தின் விசாலம் போய்விட்டது, வளைவுகள் ஒடுங்கி நெருக்கியடித்து நிற்கின்றன. எனக்கு அந்த ஒட்டுவேலைதான் பிடித்திருக்கிறது. மென்பொருளில் 'பேட்ச்' என்று நாங்கள் கூச்சத்தோடு மறைப்பதை இங்கே கல்லில், ஊரே பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள்.

1569ல் முடித்த 153 மீட்டர் கோபுரத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. மேற்குப் பக்கம் முட்டுக்கொடுக்க வேண்டிய நடுக்கூடமே கட்டப்படாதபோது என்ன அவசரம்? நாலே வருஷம், 1573ல் விழுந்தது. நடுக்கூடம் இன்றுவரை வரவில்லை. அதற்காக இடிக்க ஆரம்பித்த பத்தாம் நூற்றாண்டின் சின்னக் கோயில், மிச்சப் பகுதியோடு, அந்த இடத்திலேயே நிற்கிறது.